அறுபத்தொன்றாவது பெட்டி

காட்பாடி ரயிலடிக்கு எதிரே, மருந்துக்கடை மாடியில்,
ராத்திரி பத்து மணி ஷிப்டில்
கடல் எனக்குச் சதுரம் சதுரமாக வருகிறது.
சதுரத்துக்கு நாற்பது பைசா.
எந்த நாட்டுக் கரையோ, ட்ரோன் எடுத்த மணல்.
மணல்மேல் யானைச் சீல்கள்,
சாக்குமூட்டையை இறக்கிப் போட்டதுபோல.

ஆணுக்குச் சிவப்புப் பெட்டி போட வேண்டும். பெண்ணுக்கு மஞ்சள்.
குட்டிக்கு நீலம்.
தெரியாவிட்டால் சாம்பல்;
சாம்பல் அதிகமானால் ஜெயசீலன் சார் கூப்பிட்டுப் பேசுவார்.

முதல் வாரம் எல்லாமே பாறை.
அடுத்த வாரம் பாறையெல்லாம் சீல்.
பிறகுதான் பிடிபட்டது:
பெரிய ஆணை உடம்பைப் பார்த்துத் தேடக்கூடாது,
மற்ற ஆண்கள் விட்டுவைத்திருக்கும்
தூரத்தைப் பார்க்க வேண்டும்.

குட்டி, தாயின் வயிற்றோரம் கிடக்கும் கரித்துண்டு.
ஏறக்குறைய ஒரு மாதம்
ஒரு வாய் தின்னாமல் பால் கொடுத்துவிட்டு
தாய் ஒருநாள் கடலில் இறங்கிப் போய்விடுமாம்.
ஃபர்சானா அதைப் படித்துவிட்டு
“இன்னா தைரியம் பாரேன்” என்றாள்.
அவளுக்கு ஆறு மாதக் குழந்தை மேல்விஷாரத்தில்.
இரண்டு மணிக்கு எழுந்து கழிவறைக்குப் போனாள்,
முன்பக்கம் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு.

பயிற்சித் தாளில் ஒரு பத்தி இருந்தது.
விளக்கெண்ணெய்க்காகக் கொன்று கொன்று
இனி இல்லை என்றே எழுதிவிட்டார்கள்.
பிறகு ஒரு தீவில் எட்டைப் பார்த்தார்கள்.
அழியப்போகிறதே, மாதிரிக்கு வேண்டுமே என்று
அருங்காட்சியகத்துக்காக ஏழைக் கொன்றார்கள்.
கண்ணில் படாமல் எங்கோ கிடந்த சிலதின் வாரிசுகள்தான்
இன்று லட்சக்கணக்கில்.
ஊர் முழுக்கப் பங்காளி.

அப்பாவுக்கும் எண்ணுகிற வேலைதான்.
ராணிப்பேட்டையில், உப்பு தடவி வரும் பச்சைத் தோலை
லாரியிலிருந்து இறக்க இறக்க
சுவரில் சாக்பீஸால் கோடு போடுவார்.
வருஷத்துக்கு ஒருமுறை இவை கரையேறி
பழைய தோலைத் தகடு தகடாக உதிர்க்கும் என்றேன்.
“தானே உரிச்சிக்குதா?
அப்ப நமக்கு அங்க வேலை கெடையாது”
என்று சோற்றைப் பிசைந்தார்.

ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு,
சாமி இல்லாத கோயில் என்று
இல்லாததை எண்ணியே பேர்வாங்கிய ஊர் எங்களுடையது.
கோயிலுக்குச் சாமி திரும்பி வந்து
நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது.
சொலவடைக்குள் இன்னும் வரவில்லை.

நேற்று ஒரு சதுரம் திரும்பி வந்தது.
நான் அறுபத்தொன்று போட்டிருந்தேன்.
வேறெந்த ஊரிலோ, இதே படத்தைப் பார்த்த இன்னொருவர்
அறுபது.
அலை தொடும் இடத்தில் ஒரு கருப்பு.
பக்கத்தில் தாய் இல்லை.
பெரிதாக்கினால் கட்டங்களாக உடைந்தது;
கட்டத்துக்குள் எதுவும் இல்லை.
மூன்று நாள் முந்தைய படத்தைத் திறந்தேன்.
அதே இடம். மஞ்சள் ஒன்று, அதை ஒட்டி நீலம்.

“சார், செத்துப்போனதுக்கு என்ன கலர்?”

ஜெயசீலன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
“உயிரோட இருக்கான்னு அவங்க கேக்கலம்மா.
இருக்கா இல்லையான்னுதான் கேட்டிருக்காங்க.”

ஏலகிரி மலைப்பக்கமிருந்து வந்த சரக்கு வண்டி
மேசையை அதிரவைத்துக் கடந்தது.
நீலத்தை எடுக்கவில்லை.
‘காரணம்’ என்ற இடத்தில்
என்ன எழுதுவதென்று தெரியாமல்
‘முன்பு இருந்தது’ என்று எழுதினேன்.
அழித்தேன்.
‘இருக்கிறது’ என்று எழுதி அனுப்பினேன்.

காலை ஆறேகாலுக்கு டவுன் பஸ்.
பாலாற்றுப் பாலத்தின்மேல் கண்டக்டர்
காசில்லாத சீட்டைக் கிழித்து என் கையில் திணித்தார்.
“எதுக்குண்ணா, ஃப்ரீதானே?”
“எத்தினி பொம்பளைங்க ஏறினாங்கன்னு
கணக்கு காட்டணும்மா, பத்திரமா வச்சிக்க.”

கீழே மணல். நடுவில் ஒரு குட்டை.
குட்டையோரம் கருப்பாக ஏதோ அசைந்தது,
இல்லை, அசையவில்லை,
அதற்குள் பாலம் முடிந்துவிட்டது.